பவர் ஆம்ப்: ட்யூபா, சாலிட் ஸ்டேட்டா?



போன எபிசோடில் மாடலர்களைப் பற்றிப் பேசினோம் இல்லையா, அதுக்கு அப்புறம் ஒரே கேள்வி வேற வேற வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்தது. சுருக்கமா இப்படி: "அண்ணா, ஹெலிக்ஸ் வாங்கிட்டேன். பழைய மார்ஷல் 4×12 கேபினட் ஒண்ணும் கையில இருக்கு. நடுவுல எந்த பவர் ஆம்ப் வைக்கறது? ட்யூப் வச்சாதான் கிட்டார் சவுண்டு வரும்னு எல்லாரும் சொல்றாங்க." இதில் எண்கள் நிறைய வரும். காதால் கேட்டால் குழம்பும், அதனால் எழுத்திலேயே பார்த்துடலாம்.

கிட்டார் சிக்னலுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் ப்ரீஆம்ப். மாடலர் என்றால் உள்ளே இருக்கும் மென்பொருள். அங்கிருந்து வெளியே வருவது சின்ன சிக்னல்தான். ஸ்பீக்கர் கூம்பைத் தள்ளி ஆட்ட அதற்குத் தெம்பு கிடையாது. அந்தத் தெம்பைக் கொடுக்கும் வேலை பவர் ஆம்ப்புக்கு. சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் இதை டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. இப்போ கையடக்கமா வரும் பெட்டிகள் பெரும்பாலும் கிளாஸ் டி வகை. ட்யூப் ஆம்ப்பில் ஈஎல்34, 6எல்6 மாதிரி கண்ணாடிக் குழாய்கள். ட்யூப் என்றால் புதுசா ஒண்ணும் இல்ல, வீட்டில் பெரியவங்ககிட்ட "வால்வு ரேடியோ" என்று சொல்லிப் பாருங்க. ஸ்விட்ச்சைப் போட்டுவிட்டு சூடேறும் வரைக்கும் காத்திருந்த கதை வரும். அதே சாமான்தான்.

பாடப் புத்தகப்படி பவர் ஆம்ப் உள்ளே வந்ததை அப்படியே பெருசாக்கிக் கொடுத்தால் போதும். அப்படின்னா ரெண்டும் ஒரே மாதிரிதானே கேட்கணும்? ஒரே மாதிரி கேட்பதில்லை. அதுக்குக் காரணம் "ட்யூபின் வெதுவெதுப்பு" என்று கடைக்காரர் சொல்வது இல்ல. காரணம் ஸ்பீக்கரில் இருக்கு.

8 ஓம் என்பது சும்மா பேருக்கு

ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருக்கும். உண்மையில் அதன் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கூம்பு தானாகவே ஆட விரும்பும் ஒரு தாழ்ந்த அதிர்வெண் உண்டு, அதுதான் ஒத்ததிர்வு. செலஸ்டியன் விண்டேஜ் 30-க்கு அது 75 ஹெர்ட்ஸ்; மூடிய கேபினட்டுக்குள் வைத்தால் இன்னும் மேலே நகரும். அந்த இடத்தில் பெயரளவில் 8 ஓம் உள்ள ஸ்பீக்கர் 40 ஓம் போலவும் நடந்துகொள்ளலாம். சில நூறு ஹெர்ட்ஸில் இறங்கி 8-க்குப் பக்கத்தில் வரும். அப்புறம் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸ் காரணமாக உயர் அதிர்வெண்களில் மறுபடி ஏறும்.

இப்போ ஆம்ப் பக்கம் வாங்க. ஆம்ப்புக்கும் சொந்தமா ஒரு அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்கு. சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் அது பொதுவாக ஒரு ஓமில் சின்னப் பங்குதான். ஸ்பீக்கர் 8 ஓமா 40 ஓமா என்று அது கண்டுகொள்ளாது, அதே வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ட்யூப் ஆம்ப்பில் இந்த எண் பெருசு. கணக்கு எளிதா வர 8 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஒரு வோல்டேஜ் டிவைடர். (கல்லூரி முதல் வருஷ எலக்ட்ரானிக்ஸில் எனக்குப் பிடிச்ச ஒரே பாடம் அதுதான்.)

ஸ்பீக்கர் 8 ஓமில் இருக்கும் இடத்தில் அதற்குக் கிடைப்பது 8/(8+8), அதாவது பாதி. 40 ஓமுக்கு ஏறும் இடத்தில் 40/(40+8), அதாவது 83 சதவீதம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை டெசிபலுக்கு மாற்றினால் சுமார் 4.4. நீங்க எந்த ஈக்யூவையும் தொடாமலே லோ எண்டில் ஒரு மேடு வந்துவிட்டது. உயர் அதிர்வெண்களிலும் அதே கதைதான், அங்கேயும் கொஞ்சம் ஏறும். "ட்யூப் ஆம்ப்புக்கு உயிர் இருக்கு, கீழே திம்முனு இருக்கு, மேலே காத்து வருது" என்று சொல்றாங்களே, அதில் பெரும்பங்கு இந்த ஒரு கணக்கு.

எல்லா ட்யூப் ஆம்ப்பிலும் இது ஒரே அளவு இல்ல. வாக்ஸ் ஏசி30-இல் பவர் ஆம்ப்பைச் சுற்றி நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது, அதனால் ஸ்பீக்கர் இழுத்த இழுப்புக்குப் போகும். மார்ஷல் வகை ஆம்ப்புகளில் ஃபீட்பேக் உண்டு, கொஞ்சம் கடிவாளம் போட்ட மாதிரி. அவற்றில் இருக்கும் ப்ரெசன்ஸ் குமிழ் சாதாரண டிரெபிள் குமிழ் இல்ல. உயர் அதிர்வெண்களில் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தும் குமிழ்.

ஒரே வேலையை ரெண்டு பேர் செய்ய வேண்டாம்

இப்போ முக்கியமான இடம். ஹெலிக்ஸிலோ ஃப்ராக்டலிலோ ஒரு முழு ஆம்ப் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அதற்குள் பவர் ஆம்ப்பும் சேர்ந்தே வருது. மேலே போட்ட கணக்கின் விளைவையும், ட்யூப் மூச்சுவாங்கும்போது வரும் அமுக்கத்தையும் மென்பொருள் ஏற்கனவே போட்டுக் கொடுக்குது. அதுக்குப் பின்னால் நிஜ ட்யூப் பவர் ஆம்ப்பையும் வைத்தால் அதே மேடு இரண்டு தடவை ஏறும். கீழே கொழகொழன்னு, மேலே குத்துற மாதிரி கேட்கும். "மாடலர் என்ன இருந்தாலும் நிஜ ஆம்ப் மாதிரி இல்ல" என்று சலிச்சுக்கறவங்க ரிக்கை முதலில் இந்தக் கோணத்தில் பார்க்கணும்.

அதனால் இரண்டு வழி. ஒன்று, சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் வாங்குங்க. மாடலரில் முழு ஆம்ப் மாடலை வையுங்க, கேபினட் சிமுலேஷனை மட்டும் அணைச்சிடுங்க. நிஜ கேபினட்தான் எதிரில் இருக்கே. இரண்டாவது, ட்யூப் பவர் ஆம்ப்தான் வேணும்னா மாடலரில் ப்ரீஆம்ப் மாடலை மட்டும் எடுங்க. ஹெலிக்ஸில் இதுக்குத் தனி பிரிவே இருக்கு.

முதல் வழியில் இன்னொரு சௌகரியம்: திங்கட்கிழமை ஏசி30, செவ்வாய்க்கிழமை மெசா என்று மாத்தலாம். ட்யூப் பவர் ஆம்ப் வைத்தால் எந்த ப்ரீசெட்டைப் போட்டாலும் அந்த ஒரு ஆம்ப்பின் குணம் கூடவே வரும். பல ஆம்ப் வேணும்னுதானே மாடலர் வாங்கினீங்க?

200 வாட் எப்படி 50 வாட் ஆகுது

சாலிட் ஸ்டேட் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் வாட் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை ஓமில் என்று கட்டாயம் பாருங்க. பெரிய எழுத்தில் 200 வாட் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 4 ஓமில். வோல்டேஜ் மாறாது என்று பார்த்தோம், அதனால் ஓம் இரட்டித்தால் வாட் சுமார் பாதி. 8 ஓமில் 100, 16 ஓமில் 50. ட்யூப் ஆம்ப்பில் இந்தத் தொல்லை இல்ல. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 என்று தனித்தனி இணைப்பு இருக்கும். சரியானதில் சொருகினால் முழு வாட்டும் கிடைக்கும். "ட்யூப் வாட்டுக்கு வலு ஜாஸ்தி" என்ற பேச்சுக்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, ட்யூபை எல்லைக்கு மேல் தள்ளினாலும் காதுக்கு இனிமையாவே உடையும், அதனால் ஆட்கள் கடைசி வாட் வரைக்கும் பயன்படுத்துவாங்க. டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டதும் வெட்டின மாதிரி உடையும். அதில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வாசிக்க முடியும், அதனாலதான் பெரிய எண்ணா வாங்கணும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. அது மார்ஷல் 1960ஏ கேபினட்டா இருந்தால் பின்பக்கம் 4 ஓமா 16 ஓமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். 4-ல் போடுங்க. காசு செலவில்லாமல் 6 டெசிபல்.

வீட்டில் வாசிக்கறவங்க இதையும் கவனிங்க. விண்டேஜ் 30-இன் சென்சிடிவிட்டி 100 டெசிபல். அதாவது ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். 50 வாட்டில் கணக்குப்படி 117. ட்யூப் பவர் ஆம்ப்பை "உடையும்" இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அதன் தனி ருசி வரும் என்றால், அபார்ட்மெண்டில் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. நான் இருக்கும் ஜெர்மனியில் ராத்திரி 10 மணிக்கு மேல் கொஞ்சம் சத்தமா சிரிச்சாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

சாலிட் ஸ்டேட் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால், 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டர் என்று சொல்லுங்க. பி.பி. கிங் ரொம்ப காலம் வாசிச்ச லேப் சீரீஸ் எல்5-உம் அப்படித்தான். பான்டெராவின் டைம்பேக் டாரல் அந்த ரம்பம் மாதிரி சவுண்டை எடுத்ததும் ராண்டல் சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில்.

அப்போ ட்யூப் யாருக்கு? நல்ல ப்ரீஆம்ப் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, ட்ரம்ஸோட சேர்ந்து சத்தமா வாசிக்க இடம் உள்ளவங்களுக்கு. அங்கே விரலுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு இழுபறி வரும். அழுத்தி அடிச்சா அமுங்கி, விட்டதும் எழும்பி வரும். நல்லா இருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் அதுக்கு விலை உண்டு. 100 வாட் ஹெட் என்றால் 20 கிலோ பக்கம் தூக்கணும், கிளாஸ் டி பெட்டி ஒண்ணு ரெண்டு கிலோதான். பவர் ட்யூப் தேயும். ஜோடி பார்த்து மாத்தணும், பல ஆம்ப்புகளில் பயாஸ் சரிபார்க்கணும். இன்னிக்கு ட்யூப் செய்யும் பெரிய ஆலைகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று சில இடங்களில்தான். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது கடைகளில் தட்டுப்பாடும் விலையேற்றமும் உடனே வந்தது.

ட்யூப் வாங்கினால் ஒரு விதியை மறக்காதீங்க: ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ இணைக்காமல் அதை ஓட்டக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். சாலிட் ஸ்டேட்டுக்கு பயம் எதிர்ப்பக்கம். குறிப்பிட்ட குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு 8 ஓம் கேபினட்டைப் பேரலலா போட்டால் 4 ஓம், ஞாபகம் இருக்கட்டும். எதுவானாலும் கேபினட்டுக்கு ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் இல்ல. ட்யூப் ஆம்ப்பின் மூடியைக் கழற்றவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கலாம். அமெரிக்காவிலிருந்து மலிவா வரும் பழைய ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. ஐரோப்பாவின் 230-இல் நேரடியா சொருகினால் அன்னிக்கே அதுக்குக் கருமாதி.

வாங்கறதுக்கு முன்னாடி முடிஞ்சா ரெண்டையும் ஒரே கேபினட்டில் கேளுங்க. மாடலரின் லூப்பரை சங்கிலியில் முதலில் வைத்து, ஒரு ரிஃப்பை பதிஞ்சு ஓட விடுங்க, அப்போ கை மாறாது. ட்யூப் ஆம்ப்புக்கு ப்ரீஆம்ப் மாடல், சாலிட் ஸ்டேட்டுக்கு முழு மாடல். கேபிள் மாத்தும்போது ஆம்ப்பை அணைச்சிட்டு மாத்துங்க. சத்தத்தை போன் ஆப்பில் பார்த்து ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. ஆப் காட்டும் எண் துல்லியமா இல்லாட்டியும் ஒப்பிடப் போதும். ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிடும். அப்புறம் நீங்க திரும்பி நின்னுக்கிட்டு ஒரு நண்பரை மாத்தச் சொல்லுங்க, எதுன்னு பத்து தடவை எழுதிப் பாருங்க. மார்க் எவ்வளவுன்னு எனக்கும் பதில் போடுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.