பத்தாயிரம் என்றால் எவ்வளவு? பவர் பேங்க் வழியே மின்னாற்றல் பாடம்

மின்னழுத்த வேறுபாடு, மின்னோட்டம், மின்திறன் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சூத்திரமாக நன்றாகவே சொல்கிறார்கள். கணக்குக் கொடுத்தால் விடையும் வந்துவிடுகிறது. ஆனால் அதே மாணவர் வீட்டுக்கு ஒரு பவர் பேங்க் வாங்கக் கடைக்குப் போனால், பெட்டியில் எந்த எண் பெரியதாக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டு வருகிறார். பாடத்தில் படித்த வோல்ட்டும் வாட்டும் கடை வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

பெற்றோர் கூலிப் பணத்தில் வாங்கித் தரும் பொருள் அது. சுற்றுலாவின்போது பல மாணவர்களின் நடுவே, பேருந்திலும் ரயிலிலும் நம் பையில் இருக்கும் பொருளும்கூட. எண்ணை நம்பி ஏமாந்தால் பணம் போகும். தரமற்றதாக இருந்தால் ஆபத்தும் உண்டு. ஆகவே பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் சிறு எழுத்துகளையே பாடமாக்கலாம். இரண்டு பாடவேளை போதும்.

கற்றல் விளைவுகள்

1. மில்லி ஆம்பியர் மணி என்பது மின்னூட்டத்தின் அளவு, வாட் மணி என்பது ஆற்றலின் அளவு என வேறுபடுத்துதல்.
2. பயணத்துக்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்.
3. நம்ப முடியாத விளம்பரத்தை எடையைக் கொண்டு கண்டறிதல்.

தேவையானவை: இரண்டு மூன்று பவர் பேங்குகள் அல்லது அவற்றின் விவரப் பகுதியின் ஒளிப்படங்கள், சமையலறை மின்னணுத் தராசு, பழைய மின்கட்டண விவரம் ஒன்று.

செயல்பாடு 1: எண்ணைப் பிரித்துப் பார்த்தல்

பெட்டியில் 10,000 எம்.ஏ.எச். என்று இருக்கிறது. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 10 ஆம்பியர் மணி. ஒரு மணிக்கு 3,600 விநாடி. எனவே மின்னூட்டம் 36,000 கூலும். இதுவரை ஆற்றல் என்ற பேச்சே வரவில்லை என்பதை மாணவர்களே கவனிக்கட்டும்.

தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் அது எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். இங்கே அந்த உயரம்தான் மின்னழுத்த வேறுபாடு. உள்ளே இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்கு அது பெரும்பாலும் 3.7 வோல்ட். ஆகவே,

ஆற்றல் = 10 × 3.7 = 37 வாட் மணி.

இப்போது மின்கட்டண விவரத்தைக் காட்டுங்கள். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி. 1,000-ஐ 37-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27. சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்தில் இருபது முறைக்கு மேல் இதை நிரப்பலாம். இந்த இடத்தில் வகுப்பில் வியப்பு எழும். யூனிட் என்ற சொல் அப்போதுதான் பொருள் பெறுகிறது.

செயல்பாடு 2: நிகர அளவு

“சார், என் போன் 5,000. பவர் பேங்க் 10,000. இரண்டு முறை ஏறுமா?” என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். கேட்காவிட்டால் நாமே கேட்போம்.

யு.எஸ்.பி. துளை வழியாக வெளியே வருவது 3.7 வோல்ட் அல்ல, 5 வோல்ட். உள்ளிருக்கும் சுற்று மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அப்போது ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 37 ÷ 5 = 7.4 ஆம்பியர் மணிதான் வெளிவரும். பல நிறுவனங்கள் சிறிய எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று தனியாக ஒரு எண் தருகின்றன. அது 5 வோல்ட்டில் 6,000 எம்.ஏ.எச். என்றால், கிடைக்கும் ஆற்றல் 30 வாட் மணி. திறன் 30 ÷ 37, அதாவது சுமார் 81 விழுக்காடு.

5,000 எம்.ஏ.எச். போனின் மின்கலம் 3.85 வோல்ட் என்றால் அதன் கொள்ளளவு 19.25 வாட் மணி. 30-ஐ 19.25-ஆல் வகுத்தால் ஒன்றரை முறை. போனுக்குள் ஏறும்போதும் சிறிது இழப்பு உண்டு என்பதால் அதற்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போது டப்பாவோடு சேர்த்து நிறுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டோம். நிகர எடை எவ்வளவு என்று பார்ப்போம். பவர் பேங்கிலும் பெரிய எழுத்து எண்ணை விட்டுவிட்டு நிகர எண்ணைத் தேட வேண்டும் என்பதை இந்தப் பகுதி மாணவர்களுக்கு இப்படிச் சொன்னால் எளிதில் பதியும்.

செயல்பாடு 3: தராசு சொல்லும் உண்மை

இராஜபாளையம் நூற்பாலைகளில் நூலின் நம்பரைச் சரிபார்க்கக் குறிப்பிட்ட நீளம் நூலை எடுத்து எடை போடுவார்கள். நீளமும் எடையும் சேர்ந்தால் நம்பர் தெரிந்துவிடும். வீட்டில் யாராவது மில் வேலைக்குச் செல்லும் மாணவரை இதை விளக்கச் சொல்லலாம். பவர் பேங்கையும் இதே வழியில் சோதிக்கலாம்.

கடைகளில் கிடைக்கும் நல்ல லித்தியம் அயனி மின்கலம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 250 வாட் மணி ஆற்றலைத் தாங்கும். அந்தக் கணக்கில் மின்கலத்துக்கு மட்டும் குறைந்தது எவ்வளவு எடை வேண்டும்?

10,000 எம்.ஏ.எச். (37 வாட் மணி): சுமார் 150 கிராம்
20,000 எம்.ஏ.எச். (74 வாட் மணி): சுமார் 300 கிராம்
50,000 எம்.ஏ.எச். (185 வாட் மணி): சுமார் 740 கிராம்

மேலுறை, சுற்றுப்பலகை எடை இதற்கு மேல். எனவே 50,000 என்று அச்சிட்டு, சட்டைப் பையில் அடங்கி, 200 கிராம் மட்டுமே இருக்கும் பொருள் பொய் சொல்கிறது. கையடக்கமாகவும் இருக்க வேண்டும், கொள்ளளவும் மிக அதிகமாக வேண்டும் என்றால் இரண்டும் ஓர் எல்லை வரைதான் ஒத்துப்போகும். அந்த எல்லையை வேதியியல்தான் வகுக்கிறது. 1991-இல் விற்பனைக்கு வந்த இந்த மின்கலத்தை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர் என்பதையும் இங்கே சொல்லலாம்.

செயல்பாடு 4: நம் சுற்றுலாவுக்கு எது?

குழுக்களுக்கு இந்தச் சூழலைக் கொடுங்கள். இராஜபாளையத்திலிருந்து பொதிகை விரைவு ரயிலில் இரவுப் பயணம்; மறுநாள் சென்னையில் அருங்காட்சியகமும் கோளரங்கமும்; அன்றிரவே திரும்புதல். விடுதியில் தங்கல் இல்லை. ரயில் பெட்டியில் சார்ஜ் துளைகள் உண்டு, ஆனால் பலரும் பங்கிட வேண்டும்; அதை நம்பிக் கணக்கிடக் கூடாது. பொறுப்பாசிரியரின் போன் அணைந்தால் பெற்றோர் அழைப்புக்குப் பதில் இராது.

போன் முழு சார்ஜுடன் புறப்படுகிறது. இரு இரவுகளுக்கும் அரை அரை, பகலுக்கு ஒரு முழு சார்ஜ் எனக் கொண்டால் மொத்தத் தேவை 38.5 வாட் மணி. போனில் இருக்கும் 19.25 போக, மீதி 19.25 வேண்டும். 30 வாட் மணி தரும் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒரு போனுக்குத் தாராளம். இரண்டு ஆசிரியர்களின் போன்களுக்கு என்றால் 20,000. அதற்கு மேல் வாங்குவது வீண் செலவும் வீண் சுமையும்.

நேரக் கணக்கும் உண்டு. 10 வாட் சார்ஜரில் 74 வாட் மணியை நிரப்ப இழப்பின்றியே 7.4 மணி நேரம். இரவு 11 மணிக்கு விடுதியில் செருகிக் காலை 5 மணிக்குக் கிளம்பினால் நிரம்பியிருக்காது. கொள்ளளவோடு, உள்ளே ஏறும் வாட் அளவையும் பார்க்க வேண்டும்.

விமானம் ஏறுவோர் அறிய வேண்டியது

அரசுப் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் கல்விச் சுற்றுலாவாக வெளிநாடு சென்று வரும் காலம் இது. விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்; சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. 27,000 எம்.ஏ.எச். என்பது 99.9 வாட் மணி என்று மாணவர்கள் கணக்கிட்டால், ஏன் அந்த எண்ணில் பவர் பேங்குகள் விற்கப்படுகின்றன என்பது விளங்கும்.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பற்றியது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அதன் பின்னர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உள்ளிட்ட சில நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே தடை விதித்தன. பயணத்துக்கு முன் அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு

வகுப்பில் எந்தப் பவர் பேங்கையும் திறக்கவோ, அதன் முனைகளைக் கம்பியால் இணைக்கவோ கூடாது. சிவகாசிக்கு அருகில் வளரும் பிள்ளைகளுக்கு வெப்பமும் உராய்வும் என்ன செய்யும் என்று நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை; அதே எச்சரிக்கை இதற்கும் உண்டு என்று சொன்னால் போதும். வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்லக் கூடாது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. உப்பியதை உடனே பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும்.

வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ். 13252 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணை இட்டு மாணவர்களே சரிபார்க்கலாம். பழுதானதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்திய மின்கலங்களைச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்கு வழங்கியுள்ளன.

மதிப்பீடு

1. 15,000 எம்.ஏ.எச்., 3.7 வோல்ட்: ஆற்றலை வாட் மணியிலும் ஜூலிலும் காண்க.
2. 30,000 எம்.ஏ.எச். பவர் பேங்கை விமானத்தில் எடுத்துச் செல்ல அனுமதி தேவையா? கணக்கிட்டுக் காட்டுக.
3. 40,000 எம்.ஏ.எச்., எடை 250 கிராம் என்ற விளம்பரத்தை நம்பலாமா? காரணம் கூறுக.
4. வீட்டிலுள்ள ஒரு பவர் பேங்கின் விவரங்களைக் குறித்து, பெற்றோருக்குப் புரியும்படி ஐந்து வரிகளில் விளக்குக.

நான்காவது வினாவுக்கு மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதைத் தவறாமல் கொடுங்கள். கணக்கைத் தம் சொற்களில் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிப் புரியவைக்க முடிந்தால், அந்த மாணவருக்கு மின்னாற்றல் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.