நீரில் ஒளியும் கிருமி

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் டி.பி. கிருமி இல்லை என்று ரிப்போர்ட். ஆனாலும் டாக்டர் டி.பி. மருந்து தொடங்கச் சொல்கிறார். இது சரியா?
– வாசகி ஒருவர், கொல்லங்கோடு

சரிதான், அம்மா. கிருமி தென்படவில்லை என்பதற்கும் நோய் இல்லை என்பதற்கும் நடுவே நிறைய தூரம்.

இந்த நீர் பெரும்பாலும் கிருமியை எதிர்த்து உடல் போடும் சண்டையில் ஊறுவது. அதில் கிருமிகள் சொற்பம். மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் ஒரு மில்லியில் சுமார் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சளிச் சோதனையில் கெட்டிக்காரனான சி.பி.நாட் கருவியே இந்த நீரில் பலரைத் தவறவிடுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை இன்னும் நுட்பமானது. ஆனால் முடிவு வர 6 வாரம்கூட ஆகலாம்.

ஆகவே டாக்டர்கள் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவைப் பார்க்கிறார்கள். நீரில் லிம்போசைட் செல்கள் மிகுந்து, ஏ.டி.ஏ. 40 யூனிட்டைத் தாண்டினால் காசநோய்க்கே வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் அந்த வரியைத் தேடுங்கள். சந்தேகம் நீடித்தால் நுரையீரல் உறையில் துளி சதை எடுத்து பயாப்சி செய்யலாம்.

அப்பாவின் சளியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதில் கிருமி இருந்தால்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றும் கவலை.

ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமோ என்ற பயமும் பெரும்பாலும் வேண்டாம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இலேயே உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஓர் ஆய்வுதான். வழக்கமாக 6 மாத மருந்து. அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். விவரங்களுக்கு 1800-11-6666-ஐ அழையுங்கள்.