திங்கட்கிழமை மந்தமும் கடைக் கணக்கும்

கிழமை பார்க்காத வியாபாரம் நம்மிடையே அபூர்வம். வெள்ளியன்று கல்லாவிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்பார்கள். செவ்வாயன்று புதுக் கணக்குத் தொடங்கத் தயங்குவார்கள். ஆம்பூரில் வெள்ளி காலை 10.30 முதல் 12 வரை சிலருக்கு ராகு காலம். பிறகு சிலருக்கு ஜும்மா தொழுகை. பேரம் பேச இருதரப்புக்கும் பொதுவான நேரம் குறைவு. இது வழக்கம், மதித்து நடப்பதே முறை.

ஆனால் 'திங்கள் என்றாலே மந்தம்' என்பதைச் சற்று ஆராய வேண்டும். அமெரிக்காவில் சுமார் 3,40,000 பேரிடம் தொலைபேசியில் கேட்டறிந்த விவரங்களை ஆர்தர் ஸ்டோன் குழுவினர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். சனி, ஞாயிறுகளில் மக்களின் மனம் மலர்ந்திருந்தது; வெள்ளியும் ஓரளவு நன்று. திங்களோ செவ்வாய், புதன், வியாழனைவிட மோசமாக இல்லை! விடுமுறையை அடுத்து வருவதால் நமக்குச் சுமையாகத் தோன்றுகிறது எனலாம்.

நமக்கு இதில் பாடம் உண்டு. ஞாயிறு கூட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் வரம்பு மீறிக் கடன் கொடுப்பதும், திங்களன்று பதறிச் சரக்கு ஆர்டரைக் குறைப்பதும் மனம் செய்யும் முடிவுகள். நஷ்டம் முதலுக்கே வரும்.

எனவே எட்டு வாரங்களுக்கு விற்பனை, வசூல், புதுக் கடன் மூன்றையும் கிழமைவாரியாக எழுதி வருவோம். திங்களைச் சென்ற திங்களோடு ஒப்பிடுவோம். தோல், ஷூ தொழிற்சாலைகளில் சம்பளம் கொடுக்கும் வாரத்தைத் தனியே குறிப்போம். பெரிய கடன் கேட்பவருக்கு, எந்தக் கிழமையானாலும், பேரேட்டைப் பார்த்து மறுநாள் பதில் சொல்வோம்.