குளத்து நீரின் பசுமையும் மீன் வளமும்

நெற்பயிருக்கு மண் எவ்வாறோ, மீனுக்குக் குளத்து நீர் அவ்வாறாகும். அந்நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவரங்களும் விலங்குகளும் பிளாந்தன் எனப்படும். தாவரப் பிளாந்தன் சூரிய ஒளியையும், நீரிற் கரைந்துள்ள நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய உப்புக்களையும் கொண்டு வளரும். அதனை விலங்குப் பிளாந்தன் உண்ணும். மீன்குஞ்சுகளுக்கு இவையே முதலுணவு.

இலங்கையின் உலர்வலயத்திலுள்ள பருவகாலக் குளங்கள் பெரும்போக மழையால் நிரம்புகின்றன. முதல் வெள்ளம் வண்டலைக் கொணர்வதால் நீர் கலங்கும், ஒளி உட்புகாது, பிளாந்தனும் குறைவாகவே இருக்கும். மழை ஓய்ந்து வண்டல் படிந்தபின் நீர் பசுமை பெறும். அதனைத் தொடர்ந்து தப்னியா போன்ற சிற்றுயிர்கள் பெருகும். கட்லா, றோகு முதலிய மீன்களின் குஞ்சுகளை விடுதற்கு ஏற்ற காலம் இதுவே.

யூன், யூலை மாதங்களில் வெயிலாலும் பாய்ச்சலாலும் குளம் வற்றும். உப்புக்கள் செறிந்து, நீலப்பச்சை அல்கா மிகும். பகலில் அது ஒட்சிசனை வெளிவிட்டுக் காபனீரொட்சைட்டைக் கவர்வதால், நீரின் பீ.எச். பெறுமானம் பிற்பகலில் 9 இற்கு மேலும் செல்லக்கூடும். இரவிலோ அல்கா, மீன், அடிச்சேறு யாவும் ஒட்சிசனைச் செலவிடும். எனவே விடியற்காலையில் அது மிகக் குறையும். இலீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் மீன்கள் இடருறும். முகில் மூடிய நாளுக்கு மறுநாள் விடியலில் மீன்கள் திரளாகச் செத்து மிதத்தல் பெரும்பாலும் இதனாலாகும். நீரை ஆராயாது, நஞ்சிட்டார் என அயலவரை ஐயுறுதல் தகாது.

நீரின் நிலையை அறிதல் எளிது. வெள்ளைத் தட்டொன்றை அளவு குறித்த கோலின் நுனியிற் பொருத்தி, நண்பகலில் நீருள் இறக்குக. 30 முதல் 45 சதமீற்றர் ஆழத்தில் தட்டு மறையுமாயின் பசுமை அளவானது. தெளிந்த நீரில் 60 சதமீற்றருக்கு அப்பாலுந் தெரியுமாயின் மக்கிய மாட்டெருவைச் சிறிது சிறிதாக இடலாம். பச்சை நீரில் 20 சதமீற்றருக்குள் மறையுமாயின் எருவையும் தீனியையும் உடனே நிறுத்தல் வேண்டும்.

விடியலில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்திறந்து திரிவது ஆபத்தின் அறிகுறி. அப்போது புதுநீரை உயரத்திலிருந்து விழவிடுக. பெரிய மீன்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைக்குக. இன்னும் சிறிது வளரட்டும் எனக் காத்திருப்போர் ஒரே இரவில் ஆண்டின் பயனை இழத்தல் கூடும்.