கைப்பேசியில் வந்த பணம்

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் தலைநகர் நைரோபி. பிழைப்பை நாடிச் சிற்றூர்களிலிருந்து பலர் அந்நகருக்கு வருவர். அவர்தம் மனைவி மக்களும் பெற்றோரும் ஊரிலேயே தங்கியிருப்பர். ஈட்டிய கூலியை அவர்களுக்கு விடுப்பது எங்ஙனம்? 2006-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் வங்கிக் கணக்கு உடையோர் மிகச் சிலரே. ஆதலின், பேருந்து ஓட்டுநரிடமோ ஊர் செல்லும் நண்பரிடமோ பணத்தைக் கொடுத்தனுப்புவர். அஃது உரியவரைச் சேர்ந்ததும் உண்டு. வழியிற் களவு போனதும் உண்டு.

இக்குறையைத் தீர்த்தது, சஃபாரிகாம் என்னும் தொலைபேசி நிறுவனம் 2007-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கிய ‘எம்-பெசா’ என்னும் முறையாகும். பெசா என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும்; நாம் வழங்கும் பைசா என்னும் சொல்லே கடல் கடந்து அவ்வுருப் பெற்றது. சிறுகடன் பெற்றோர் தவணை கட்டுதற்கு உதவவே இம்முறை முதலில் வகுக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டிற் சோதித்துப் பார்த்தபொழுது, மக்கள் ஒருவருக்கொருவர் பணம் விடுத்துக்கொள்ளவும் இதனைப் பயன்படுத்தக் கண்டனர். வகுத்தோர் கருதியது ஒன்று. மக்கள் வேண்டியது பிறிதொன்று. வகுத்தோர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். நிறுவனங்களிடம் இப்பணிவு அரிது.

நகரிலுள்ள மகன், முகவராகிய கடைக்காரரிடம் பணத்தைக் கொடுப்பான். அவர் அதற்கு ஈடான மின்பணத்தைத் தம் கணக்கிலிருந்து அவன் கணக்கிற்கு மாற்றுவார். அவன் தனக்கேயுரிய இரகசிய எண்ணை அழுத்தி அதனைத் தாய்க்கு விடுப்பான். இருவர் கைப்பேசியிலும் உடனே குறுஞ்செய்தி தோன்றும். தாய் தன் ஊர்க் கடையில் அடையாள அட்டையைக் காட்டிப் பணம் பெறுவாள். பொத்தான்களையுடைய எளிய கைப்பேசியே இதற்குப் போதும். மக்கள் செலுத்திய பொருள், நிறுவனத்தின் பொருளோடு கலவாமல் வங்கிகளில் தனியே வைக்கப்பெறும். ஆயினும், சிற்றூர் மக்கள் நம்பியது வங்கியையன்று, நாள்தோறும் உப்பும் மாவும் வாங்கிய கடைக்காரரையே என்பது என் துணிபு.

இதே முறையை 2010-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலும் புகுத்தினர். அங்கே வங்கிக் கணக்குடையோர் பலராதலின் மக்கள் அதனை நாடிற்றிலர். 2016-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. கருவி ஒன்றே, தேவை வேறு.

தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் அறிஞர் இருவர் 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எம்-பெசாவால் கென்யக் குடும்பங்களுள் நூற்றுக்கு இரண்டு, அஃதாவது ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள், வறுமையினின்று மீண்டன என அவர்கள் கணித்தனர். பெண்கள் பலர் உழவை விட்டுச் சிறுவணிகத்தில் இறங்கியதையும் அவ்வாய்வு காட்டிற்று.

காசில்லாக் கொடுக்கல் வாங்கல் என இதனைக் கூறினும், இது காசின்றி நடவாது. நகரக் கடைகளிற் பணம் வந்து குவியும்; சிற்றூர்க் கடைகளிலிருந்து போய்க்கொண்டேயிருக்கும். கடைப்பெட்டி வெறுமையானால், முகவர் கதவைச் சாத்திவிட்டு வங்கியுள்ள ஊருக்குப் பேருந்தேறல் வேண்டும். அவர் மீளுமளவும், மகன் விடுத்த தொகை கைப்பேசியில் தெரிந்தும், அத்தாய் கடைவாயிலிற் காத்திருப்பாள்.