குடும்ப வீடும் தங்கும் அறையும்

நமது கிராமங்களில் ஆலைகளை அடுத்து, தொழிலாளர் தங்குவதற்கென அறைகள் வரிசையாகக் கட்டப்படுகின்றன. பத்து அறைகள் எழுந்தால், அவற்றைப் பத்து வீடுகள் எனக் கொள்ளலாமா? பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் விடை அறிந்திருக்க வேண்டிய வினா இது.

1970-இல் முதன்முதலாக வெளிவந்து, 2016-இல் திருத்தப்பெற்ற இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புக் கட்டடங்களைப் பல பிரிவுகளாக வகுக்கிறது. ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வாழும் தனி வீடு ஒரு பிரிவு. அங்கு உறங்குவோர் 20 பேருக்கு மேற்படலாகாது. அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விட்டால், ஓர் அறைக்கு 3 பேருக்கு மேல் தங்கலாகாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் தனித்தனிச் சமையல் வசதியுடன் வாழ்வது மற்றொரு பிரிவு. தனி அறை இருந்தும் தனிச் சமையல் வசதி இல்லாதது தங்கும் விடுதியாகும். ஒரே குடும்பத்தைச் சேராத பலர் ஒருங்கே உறங்குமிடம் பொதுப் படுக்கைக் கூடமாகும்.

இவ்வேறுபாடு வீண் சொற்பிரிவினை அன்று. இரவில் தீப்பற்றினால், குடும்பத்தார் ஒருவரையொருவர் எழுப்பி வெளியேறுவர். அயலார் பலர் உறங்குமிடத்திலோ, உள்ளே எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதையும் ஒருவரும் அறியார். ஆதலின் வெளியேறும் வழிகளும் தீத்தடுப்பு ஏற்பாடுகளும் பிரிவுக்கேற்ப வேறுபடுகின்றன. விடுதியை வீடென்று எழுதிவிட்டால், அங்கு உறங்குவோர் அப்பாதுகாப்பை இழக்கின்றனர்.

எனவே, கட்டட வரைபடம் நம்முன் வரும்போது மூன்று வினாக்களைக் கேட்போமாக: எத்தனை பேர் உறங்குவர்? அவர்கள் ஒரே குடும்பத்தினரா? ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடுப்பு உண்டா?