புது பாடி வாங்குமுன் கழித்த படங்களைப் பாருங்கள்

2018-இல் வந்த சோனி ஏ7 மார்க் 3 கேமரா இன்றும் கல்யாண மண்டபங்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. 2021 இறுதியில் மார்க் 4 அறிவிக்கப்பட்டதிலிருந்து, பழையதை வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு முகூர்த்த சீசனுக்கு முன்பும் அதே குடைச்சல்: மாற்றிவிடலாமா, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா? கையில் இருப்பது கேனனோ நிக்கானோ என்றாலும் கணக்குப் பார்க்கும் விதம் ஒன்றுதான்.

முதல் வேலை, கடைசி இரண்டு மூன்று கல்யாணங்களில் நீங்கள் ஒதுக்கித் தள்ளிய படங்களைத் திறப்பது. ஆல்பத்துக்குப் போன நல்ல படங்கள் இதற்கு உதவாது. ஒதுக்கியதில் இருநூறை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் கழிந்தது என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள்: கண் மூடியது, யாரோ குறுக்கே வந்தது, அசைவில் கலங்கியது, ஃபோகஸ் தப்பியது, இருட்டில் நாய்ஸ் ஏறியது. முதல் இரண்டுக்கும் எந்தக் கம்பெனியும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. மீதி மூன்றில் எது அதிகம் என்பதுதான் கேள்வி.

எனக்கு ஒரு சீசனில் தாலி கட்டும் படங்கள் வரிசையாகக் கலங்கின. கூட வரும் தம்பி, "அண்ணே, பாடிக்கு வயசாயிடுச்சுண்ணே" என்றான். நானும் நம்பி விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். பிறகு ஒரு ராத்திரி அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாலையில் ஒவ்வொரு இதழும் தெளிவு. முடிச்சுப் போடும் விரல்கள் மட்டும் கரைந்திருந்தன. ஷட்டர் வேகம் 1/80. கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், மாப்பிள்ளையின் கை நடுக்கத்தை அல்ல. ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 என்று மாற்றினேன். செலவு ஒரு பைசா இல்லை.

ஆகவே இரண்டாவது வேலை, காசில்லாமல் தீர்வதைத் தீர்ப்பது. ஃபர்ம்வேர் புதுப்பித்தீர்களா? மார்க் 3-க்கு 2019 ஏப்ரலில் வந்த 3.0 பதிப்பு, கண்ணைத் தொடரும் ஃபோகஸை வேறு கேமரா அளவுக்கு மாற்றியது. அதைப் போடாமலேயே குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சைலன்ட் ஷட்டரில் எல்இடி வெளிச்சத்தின் கீழ் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா? மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புங்கள். மார்க் 4 வாங்கினாலும் சைலன்ட்டில் அந்தக் கோடு வரத்தான் செய்யும்.

இதற்குப் பிறகும் நோட்டில் நாய்ஸ்தான் அதிகம் என்றால், பாடியை விட்டுவிட்டு லென்ஸைப் பாருங்கள். ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு கேமராவுக்கும் இருட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. எஃப்/4 லென்ஸிலிருந்து எஃப்/2.8-க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு, எஃப்/1.8-க்குப் போனால் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒரு 85 எம்எம் எஃப்/1.8 செய்வதைப் புது சென்சார் செய்யாது. லென்ஸ் அடுத்த பாடிக்கும் கூடவே வரும்.

மெகாபிக்சல் ஆசைக்கும் ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல். 33 மெகாபிக்சலில் 7008. நாம் கொடுக்கும் 12×36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 18 அங்குலம். 6000-ஐ 18-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 333 பிக்சல். அச்சுக்கு 300 போதும். ஒரே படத்தை முழு ஷீட்டுக்கும் இழுத்தால் 166-க்கும் 194-க்கும் உள்ள வித்தியாசம். சோபாவில் உட்கார்ந்து ஆல்பம் புரட்டும் பெரியம்மா அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஓரமாக நின்ற ஒருவரை வெட்டியெடுத்துப் பெரிதாக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் பிக்சல் உதவும்.

ஃபோகஸ்தான் பிரச்சினை என்றால் புது பாடியை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். முகூர்த்தத்தை அதை நம்பி எடுக்க வேண்டாம். முதல் நாள் ரிசப்ஷனில் இரண்டாவது கேமராவாக வையுங்கள். அதே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஜோடி மேடைக்கு நடந்து வருவதையும் அட்சதை பறக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு முகத்தையும் இரண்டிலும் எடுங்கள். வீட்டுக்கு வந்து பழைய நோட்டிலேயே மறுபடி கோடு போடுங்கள். தப்பிய படங்கள் பாதியாகக் குறைந்தால் பேச்சுக்கு இடமில்லை, வாங்கலாம். நூற்றுக்கு இரண்டு மூன்று குறைந்தால் அது ஆசைதான்.

விலையைக் கணக்கிடும்போது பாடியோடு நிறுத்தாதீர்கள். கம்ப்ரெஸ் செய்யாத ரா ஃபைல் மார்க் 3-இல் 47 எம்பி வாக்கில் இருக்கும். மார்க் 4-இல் 70-ஐ ஒட்டி வரும். ஹார்ட் டிஸ்க் வேகமாக நிறையும். பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர் புது ராவைத் திறக்காமல் போகலாம். 10 பிட் வீடியோவைப் பழைய கணினி திணறித் திணறித்தான் ஓட்டும். வரவிலும் ஒன்று உண்டு: ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர் முறையான பில்லோடு வாங்கினால் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பாடியில் அதுவும் போச்சு, வாரண்டியும் போச்சு.

சிலர் இத்தனை யோசிக்கவே வேண்டாம். முதல் கேனன் ஆர், முதல் நிக்கான் இசட்6 போல ஒற்றை கார்டு ஸ்லாட் கேமராவில் கல்யாணம் எடுப்பவர்கள் உடனே மாற்றுங்கள். கார்டு ஒன்று செத்தால் திரும்ப எடுக்க முடியாத தொழில் இது. அதேபோல 4கே தரத்தில் ஸ்லோமோஷன் கேட்கும் வாடிக்கையாளர்கள் கூடிவிட்டால், நொடிக்கு 30 ஃபிரேமோடு நிற்கும் மார்க் 3 போதாது. மார்க் 4 நொடிக்கு 60 எடுக்கும், ஆனால் காட்சியின் ஓரங்களை வெட்டிக்கொள்ளும். அகலமான லென்ஸ் கையில் இருக்கட்டும்.

வாங்கிவிட்டால் பழையதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல் இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்வது என் பழக்கம். பேட்டரி இரண்டுக்கும் ஒன்றே. முதல் கல்யாணத்துக்குக் கிளம்புமுன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடிட்டரின் திரையில் தாலி கட்டிய பிறகுதான் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்.